ஜொகூர் கொண்டோவை ஜூவாயில் போட்டால் விற்குமா?

தெப்ராவ்வாசி:
மலேசியாவின் ஜொகூர் பாருவில் என் கொண்டோ (அடுக்குமாடி வீடு) விற்பனைக்கு, 7 லட்சம் வெள்ளி (ரிங்கிட்) சொல்கிறேன். சீனர்களுக்கு வெளிநாட்டு வீடுகளைக் காட்டும் ஜூவாய் இணையத்தளத்தில் போடு, சீனாவிலிருந்து ஆள் வருவார்கள் என்கிறான் நண்பன். பலன் உண்டா அண்ணன்மாரே?

வீட்டு முகவர்:
தம்பி, முதலில் விலையைப் பாருங்கள். இங்கே வெளிநாட்டவர் வாங்க அடிப்படை வரம்பு பொதுவாக 10 லட்சம் வெள்ளி, அதோடு மாநில அனுமதியும் வேண்டும். உங்கள் வீட்டை அவர்கள் ஆசைப்பட்டாலும் வாங்க முடியாது.

ஜூவாய் மோசமான தளம் இல்லை. 2011இல் தொடங்கியது, 2019இல் ஐகியூஐ என்ற வீட்டு விற்பனை நிறுவனத்தோடு சேர்ந்தது. விவரமெல்லாம் சீன மொழியில் போகும். வாங்குபவர் விசாரித்ததும் பேச்சு வீசாட் என்ற சீன அரட்டைச் செயலிக்கு மாறிவிடும். ராத்திரி பதினொரு மணிக்குக் குரல் செய்தி: பன்னாட்டுப் பள்ளி எவ்வளவு தூரம், பால்கனி எந்தத் திசை? நாலு சீனர்களுக்கு ராசியில்லை என்று நாலாம் மாடியை 3ஏ என்று எழுதும் நம்மூர் வித்தையெல்லாம் அவர்களிடம் எடுபடாது.

கூலாய்க்காரன்:
பணம் எப்படி வரும்? சீனாவில் ஒருவருக்கு ஆண்டுக்கு 50,000 அமெரிக்க டாலர்தானே மாற்றலாம்?

வீட்டு முகவர்:
அந்தப் பணத்தில் வெளிநாட்டில் வீடு வாங்கக் கூடாது என்று 2017 முதல் பணம் மாற்றும் படிவத்திலேயே இருக்கிறது. அதனால் ஹாங்காங்கிலோ சிங்கப்பூரிலோ ஏற்கெனவே பணம் இருக்கிறதா என்று முதல் பேச்சிலேயே கேட்டுவிடுவேன். தம்பி, உள்ளூர்த் தளத்தில் போடுங்கள். சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வரும் நம்மவர்களே கேட்பார்கள்.