டிடோவுக்கு 11 பட்டமா, 10 பட்டமா? 1948 யார் கணக்கு?

ட்ரோஜன்தாசன்:
2025இல் எல்எஸ்யூ (லூசியானா ஸ்டேட் பல்கலைக்கழகம்) எட்டாவது முறை கல்லூரி உலகத் தொடரை, அதாவது அமெரிக்கக் கல்லூரி பேஸ்பால் பட்டத் தொடரை, வென்றதிலிருந்து இங்கே சிலருக்குக் கால் தரையில் பாவவில்லை. நேற்று ஊதாப்புலி இன்னொரு இழையில் எழுதியதை அப்படியே தருகிறேன்: "ராட் டிடோவுக்கு 11 பட்டம் என்பது ஊதிப் பெருக்கிய கணக்கு, 1948 அவருடையதே அல்ல." படித்துவிட்டுச் சும்மா போக மனம் வரவில்லை. டிடோ பயிற்சியாளராக இருந்த யூஎஸ்சிக்கு (சதர்ன் கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) மொத்தம் 12 பட்டங்கள். அதில் 11 டிடோ இருந்தபோது வந்தவை: 1948, 58, 61, 63, 68, பிறகு 1970 முதல் 74 வரை வரிசையாக ஐந்து, அப்புறம் 78. மூன்று ஆண்டு தொடர்ந்து வென்ற வேறொரு கல்லூரியையாவது காட்டுங்கள் பார்ப்போம், ஐந்தை விடுங்கள். இவ்வளவு செய்த மனிதரிடமிருந்து ஒன்றைப் பிடுங்கி என்ன சாதிக்கப் போகிறீர்கள்?

ஊதாப்புலி:
யாரும் எதையும் பிடுங்கவில்லை. 1948இல் யூஎஸ்சிக்குப் பயிற்சியாளர் சாம் பாரி. பல பட்டியல்களில் அந்த ஆண்டுக்கு நேரே அவர் பெயர்தான் இருக்கும். டிடோ அவருடன் சேர்ந்து இருந்தார், அவ்வளவுதான். தனியாக வென்றவை 10. பத்தும் பெரிய சாதனைதான், அதைச் சொன்னால் போதாதா? எதற்கு 11?

ட்ரோஜன்தாசன்:
"சேர்ந்து இருந்தார்" என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள். பாரி போரின்போது கடற்படைக்குப் போனார். 1942இலிருந்து அணியைக் கட்டிக் காத்தவர் டிடோ. பாரி திரும்பி வந்ததும் இருவரும் இணைப் பயிற்சியாளர்கள். பாரிக்குக் கூடைப்பந்து அணியும் இருந்தது, அந்தப் பருவம் முடியும்வரை பேஸ்பால் அணியை நடத்தியவர் டிடோ. 1950இல் பாரி இறக்கும்வரை இப்படித்தான் ஓடியது. அணியைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, பருவத்தைத் தொடங்கியவருக்குப் பட்டத்தில் பங்கில்லையா? 11. எழுதிக்கொள்ளுங்கள்.

ஊதாப்புலி:
கூடைப்பந்து மார்ச்சில் முடிந்துவிடும். 1948 இறுதிப் போட்டி ஜூன் மாதம் கலமசூவில் நடந்தது. ஜூனில் பாரிக்கு எந்தக் கூடைப்பந்து? அடுப்பு மூட்டியவர் டிடோவாகவே இருக்கட்டும், பந்தி நடந்தபோது தலைமையில் நின்றவர் பாரி. 10.

லாங்ஹார்ன் மணி:
இரண்டு பேரும் 1948ஐப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். 49இலும் 50இலும் வென்றது டெக்சாஸ். அடுத்தடுத்து இரண்டு முறை வென்ற முதல் அணி நாங்கள். தொடருக்கு அதிக முறை வந்த அணியும் நாங்கள்தான், 38 முறை. எல்எஸ்யூ, யூஎஸ்சி இரண்டுமே அதைத் தொடவில்லை.

ட்ரோஜன்தாசன்:
மணி, 38 முறை வந்து 6 பட்டம். நாங்கள் அதைவிடக் குறைவாக வந்து 12. வந்து போனதற்கெல்லாம் கோப்பை தருவதில்லை.

லாங்ஹார்ன் மணி:
வராமலே இருப்பதற்கும் தருவதில்லை. 2001க்குப் பிறகு 2025 வரை யூஎஸ்சி தொடர் நடக்கும் ஒமாஹா பக்கமே எட்டிப் பார்க்கவில்லையே, அதைப் பற்றி ஒரு வரி எழுதுங்களேன்.

ட்ரோஜன்தாசன்:
இழை டிடோ பற்றியது. கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை.

எண்கணக்கன்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். "பட்டம் வென்ற பயிற்சியாளர்" என்றால் யார் என்பதை முதலில் முடிவு செய்தால் இந்தச் சண்டைக்கே இடமில்லை. இணைப் பயிற்சியாளருக்கு முழுப் பட்டமா, பாதியா, இல்லையா? அதை யாரும் சொல்லாமலே இரண்டு பக்கமும் எண்ணை மட்டும் திரும்பத் திரும்ப எழுதுகிறீர்கள்.

ட்ரோஜன்தாசன்:
முழுப் பட்டம். 11. இதில் முடிவு செய்ய என்ன இருக்கிறது?

ஊதாப்புலி:
இரண்டு பேருக்கும் முழுப் பட்டம் என்றால் அந்த ஆண்டு யூஎஸ்சி இரண்டு பட்டம் வென்றதா? 10.

ஒமாஹா மாமா:
தம்பிகளா, 1947, 48 இரண்டு ஆண்டும் இறுதியில் மோதியவை இரண்டே அணிகள். கிழக்கிலிருந்து ஒன்று, மேற்கிலிருந்து ஒன்று, மூன்று ஆட்டங்களில் இரண்டை வெல்பவருக்குப் பட்டம். 47இல் கலிஃபோர்னியாவும் 48இல் யூஎஸ்சியும் யேல் அணியை வென்றன. யேலில் முதல் பேஸில் நின்றவர் பின்னாளில் ஜனாதிபதியான ஜார்ஜ் ஹெச். டபிள்யூ. புஷ். 48இல் அவர்தான் கேப்டன். ஒரு ஆட்டத்தில் கடைசி இன்னிங்ஸ், யேல் மூன்று பேஸிலும் ஆள் நிறுத்தியிருக்கிறது, ஒருவர்கூட அவுட் இல்லை, அடுத்து மட்டை பிடிக்கப் புஷ் தயாராக நிற்கிறார். ஒரே பந்தில் மூன்று பேர் அவுட். ஆட்டம் முடிந்தது. புஷ் மட்டையோடு திரும்பிப் போனார். அந்த அழகான ஆட்டத்தை விட்டுவிட்டு யாருடைய பெயரை எழுதுவது என்று அடித்துக்கொள்கிறீர்கள்.

ஊதாப்புலி:
மாமா, நீங்களே எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள். இரண்டே அணிகள்! எல்எஸ்யூவின் கடைசி நான்கு பட்டங்கள், 2000, 2009, 2023, 2025, எல்லாம் 64 அணிகள் மோதும் காலத்தில் வென்றவை. ரீஜனல், சூப்பர் ரீஜனல் என்ற தகுதிச் சுற்றுகள், அதற்குப் பிறகு ஒமாஹா. 1948ஐ அதோடு ஒப்பிடவே கூடாது.

ட்ரோஜன்தாசன்:
பேச்சை மாற்றுகிறீர்கள். முதலில் 1948 டிடோவுடையது இல்லை என்றீர்கள், இப்போது 1948 பட்டமே இல்லை என்கிறீர்கள். ஒன்றில் நில்லுங்கள். 64 அணிகள் வந்தது 1999இல். உங்கள் 1991, 93, 96, 97 பட்டங்களெல்லாம் 48 அணிகள் இருந்த காலத்தவை, இறுதியும் ஒரே ஒரு ஆட்டம். உங்கள் அளவுகோலை வைத்தால் உங்களுக்கு எட்டு இல்லை, நான்கு. உங்கள் பயிற்சியாளர் ஸ்கிப் பெர்ட்மனின் ஐந்தில் நான்கு காணாமல் போகும். சம்மதமா?

ஊதாப்புலி:
96ஐத் தொடாதீர்கள். எங்கள் வாரன் மாரிஸ் அடித்த ஹோம் ரன்னைப் போல இன்னொன்று அந்தத் தொடரில் இதுவரை இல்லை. ஒன்பதாவது இன்னிங்ஸின் கீழ்ப்பாதி, இரண்டு பேர் அவுட், ஒரு ரன் பின்தங்கி இருக்கிறோம். கையில் எலும்பு முறிந்து அறுவை சிகிச்சை முடிந்து வந்த ஆள், அந்தப் பருவம் முழுவதும் ஒரு ஹோம் ரன்கூட அடிக்காதவர். முதல் பந்திலேயே வலது பக்க வேலியைத் தாண்டி ஒன்று. 9-8. எதிரணியான மயாமி வீரர்கள் மைதானத்திலேயே குப்புற விழுந்து கிடந்தார்கள். அதை 48 அணி, 64 அணி என்று தராசில் வைப்பீர்களா?

ட்ரோஜன்தாசன்:
உங்கள் பட்டத்துக்கு மட்டும் தராசு வேண்டாம், எங்களுடையதற்கு வேண்டும். நல்ல நியாயம். 1973ஐக் கேளுங்கள். மினசோட்டாவுக்காக டேவ் வின்ஃபீல்ட் பந்து வீசி எங்கள் ஆட்களை 15 முறை ஸ்டிரைக்அவுட் (பந்தை அடிக்க விடாமல் அவுட்) செய்தார். ஒன்பதாவது இன்னிங்ஸுக்குள் நுழையும்போது 7-0. அந்த ஒரே இன்னிங்ஸில் எட்டு ரன் எடுத்து 8-7 என வென்று, அடுத்து பட்டத்தையும் தூக்கிவந்தோம். தொடரின் சிறந்த வீரர் விருது தோற்ற அணியின் வின்ஃபீல்டுக்குத்தான் போனது, அந்த அளவுக்கு ஆடிய ஒருவரை வீழ்த்தினோம். அந்த அணியின் பயிற்சியாளர் யார்? டிடோ. ஆண்டுக்கு ஒரு டாலர் பெயரளவுச் சம்பளம் வாங்கிக்கொண்டு, லாரி போக்குவரத்துத் தொழிலைத் தனியாக நடத்திக்கொண்டு, 1986 வரை 1,332 ஆட்டங்களை வென்றவர். அவரிடம் பட்டத்தை எண்ணிக் கழிக்க வருகிறீர்கள்.

ஊதாப்புலி:
1973ஐ யாரும் கழிக்கவில்லை. 1948. ஜூன் மாதம். கலமசூ. பாரி.

ட்ரோஜன்தாசன்:
இணைப் பயிற்சியாளர். 11.

செமினோல் ரசிகன்:
பட்டம்தான் எல்லாம் என்று பேசுகிறவர்களுக்கு ஒன்று. ஃப்ளோரிடா ஸ்டேட் 24 முறை ஒமாஹா போயிருக்கிறது, ஒரு பட்டமும் இல்லை. எங்கள் பயிற்சியாளர் மைக் மார்ட்டின் 2,029 வெற்றிகளோடு 2019இல் ஓய்வு பெற்றார், கையில் பட்டம் இல்லாமல். அவர் டிடோவைவிடக் குறைந்தவர் என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்கு வருவேன்.

ட்ரோஜன்தாசன்:
1970 இறுதியில் உங்களை 15 இன்னிங்ஸ் ஆடி 2-1 என வென்றதும் நாங்கள்தான். மார்ட்டின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் தொடர் நடப்பது பட்டத்துக்காக. ஆமாம், குறைவுதான்.

செமினோல் ரசிகன்:
எதிர்பார்த்தேன். போன வருடமும் இதே திமிர்தான், அப்போதும் இதே பதில்தான்.

லாங்ஹார்ன் மணி:
பயிற்சியாளர் ஆகி கரிடோவை ஏன் யாரும் பேசவில்லை? ஃபுல்லர்டனில் மூன்று, டெக்சாஸில் இரண்டு. இரண்டு வெவ்வேறு கல்லூரிகளில் வென்று காட்டியவர். டிடோ ஒரே இடத்தில் உட்கார்ந்து வென்றார்.

ட்ரோஜன்தாசன்:
உட்கார்ந்துகொண்டு ஐந்து ஆண்டு வரிசையாக வென்றார் என்றால் எழுந்து நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

ஊதாப்புலி:
டிடோ போன பிறகு உங்களுக்கு வந்தது ஒன்றே ஒன்று, 1998. அதையும் பாருங்கள். இறுதியில் 21-14! பேஸ்பால் ஸ்கோரா அது? அலுமினிய மட்டையால் பந்தைப் பிளந்த காலம். அந்தத் தொடரில் மட்டும் 62 ஹோம் ரன்.

ட்ரோஜன்தாசன்:
இதை எல்எஸ்யூக்காரர் சொல்வதுதான் வேடிக்கை. அந்த மட்டை ஆட்டத்துக்குப் பேர் போன அணியே நீங்கள்தான். அதே 1998இல் எங்களோடு முதலில் மோதியபோது எட்டு ஹோம் ரன் அடித்தது யார்? அந்த ஆட்டத்தை நீங்கள் வென்றீர்கள், பிறகு இரண்டு முறை உங்களை அடித்து வீட்டுக்கு அனுப்பினோம். அந்த அணியின் பயிற்சியாளர் மைக் கில்லெஸ்பி, 1961இல் டிடோவிடம் வீரராக இருந்து பட்டம் வென்றவர். 2023இல் ஃப்ளோரிடா உங்கள்மேல் 24 ரன் குவித்ததே, தொடர் வரலாற்றிலேயே ஒரு அணி ஒரு ஆட்டத்தில் எடுத்த அதிக ரன், அது மட்டும் பேஸ்பால் ஸ்கோரா?

ஊதாப்புலி:
24-4 தோற்றோம். மறுநாளே 18-4 என வென்று பட்டத்தை எடுத்தோம். அதையும் எழுதுங்கள், பாதியில் நிறுத்தாதீர்கள்.

ஒமாஹா மாமா:
2011இல் பந்து அவ்வளவு வேகமாகத் தெறிக்காத மட்டைதான் வேண்டும் என்ற புது விதி வந்த பிறகு தலைகீழாகிவிட்டது தெரியுமா? 2014 தொடர் முழுக்க மூன்றே ஹோம் ரன், அதில் ஒன்றுதான் வாண்டர்பில்ட்டுக்குப் பட்டம் வாங்கித் தந்தது. தொடர் நடந்துவந்த ரோசன்ப்ளாட் மைதானமும் 2010ஓடு போயிற்று. எனக்குக் கேட்டால் சாதனை என்பது 2025இல் ஆர்கன்சாவின் கேஜ் வுட் செய்தது. மர்ரி ஸ்டேட்டுக்கு ஒரு ஹிட்கூடக் கொடுக்காமல் 19 ஸ்டிரைக்அவுட். இந்தத் தொடரில் ஹிட் இல்லாத ஆட்டம் அதற்கு முன் 1950, 1960 இரண்டே முறைதான்.

எண்கணக்கன்:
ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்துக்கு அந்த 19 சாதனை. 1965இல் ஒஹாயோ ஸ்டேட்டின் ஸ்டீவ் ஆர்லின் 20 எடுத்தார், ஆனால் 15 இன்னிங்ஸ் வீசி.

ஒமாஹா மாமா:
15 இன்னிங்ஸ் வீசியவரையும் ஒன்பது வீசியவரையும் ஒரே வரியில் எழுதாதே தம்பி.

எண்கணக்கன்:
ஒரே வரியில் எழுதவில்லை மாமா. தனித்தனியாகத்தான் சொன்னேன்.

ட்ரோஜன்தாசன்:
இதற்கெல்லாம் தனி இழை போடுங்கள், இங்கே இடத்தை அடைக்காதீர்கள். ஊதாப்புலி, ஒரே கேள்வி. 1948 பட்டம் யூஎஸ்சிக்கு உண்டா இல்லையா?

ஊதாப்புலி:
யூஎஸ்சிக்கு உண்டு. பாரியின் பட்டம்.

ட்ரோஜன்தாசன்:
யூஎஸ்சிக்கு உண்டு என்றால், அன்றைக்கு இருந்த இரண்டு பயிற்சியாளர்களில் ஒருவருக்கு மட்டும் எப்படி இல்லாமல் போகும்?

ஊதாப்புலி:
ஜூன் மாதம்.

ட்ரோஜன்தாசன்:
திரும்ப ஜூனா? பிப்ரவரியில் பந்து வீசக் கற்றுக் கொடுத்தது யார்?

செமினோல் ரசிகன்:
மாமா 15 இன்னிங்ஸைப் பற்றிச் சொன்னது சரி. 1970இல் எங்கள் ஆட்களும் 15 இன்னிங்ஸ் நின்றார்கள், அதை இங்கே கிண்டலாக எழுதியவர் இன்னும் பதில் சொல்லவில்லை.

ட்ரோஜன்தாசன்:
கிண்டல் இல்லை, ஸ்கோர். 2-1. டிடோவின் ஆறாவது தேசியப் பட்டம்.

ஊதாப்புலி:
ஐந்தாவது.