கையை விரித்தால் ஐம்பது மீட்டர்: நம் ஊர் மைதானத்துக்கு இது பொருந்துமா?

கொழிஞ்சாம்பாறைச் செயலாளர் கேட்டது:

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில் ஒரு சிறிய விளையாட்டு மன்றத்தின் கணக்கு வழக்குகளை நான் பார்த்துக்கொள்கிறேன். அறுவடை முடிந்த வயலில் ஆண்டுதோறும் இரவு நேரச் செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடும்) கால்பந்துப் போட்டி நடத்துகிறோம். அதற்கு முந்தைய வாரம் பள்ளிப் பிள்ளைகளுக்கென்று பகலில் ஒரு போட்டி உண்டு.

சென்ற முறை பதினான்கு வயதுக்குட்பட்டோர் ஆட்டத்துக்கு விசில் ஊதியவன், கல்லூரியில் முதலாண்டு படிக்கும் எங்கள் ஊர்ப் பையன். இரண்டாம் பாதியில் அவன் ஒரு ஃபவுல் கொடுத்தபோது, அதைச் செய்த சிறுவன் இரண்டு கைகளையும் விரித்துக் கூட்டத்தின் பக்கம் திரும்பி நின்றான். அவ்வளவுதான், கயிற்றுக்கு வெளியே நின்ற பெரியவர்கள் தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறி ஏசத் தொடங்கிவிட்டார்கள். ஆட்டம் முடிந்ததும் அவன் என் மேசைக்கு வந்து, கழுத்திலிருந்த விசிலைக் கழற்றி, நான் எடுத்து வைத்திருந்த முந்நூறு ரூபாயின் மேல் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டான். விசில் கயிறு வியர்வையில் நனைந்து நோட்டில் ஒட்டிக்கொண்டது. இந்த ஆண்டு கூப்பிட்டதற்கு, "படிப்பு இருக்கிறது அண்ணா" என்கிறான்.

ஆஸ்திரேலியக் கால்பந்தில் நடுவரின் தீர்ப்பை எதிர்த்துக் கையை விரித்தாலே எதிரணிக்கு ஐம்பது மீட்டர் கொடுத்துவிடுவார்கள் என்று மெல்பர்னில் இருக்கும் என் அக்காள் மகன் சொல்கிறான். அது எப்படி நடக்கிறது, நியாயமானதுதானா, நம்மைப் போன்றவர்கள் அதிலிருந்து எதையாவது எடுத்துக்கொள்ள முடியுமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் எங்கள் குழுவில் பேசுவதற்கு உதவியாக இருக்கும்.

மெல்பர்னில் இருக்கும் சித்தூரான் எழுதியது:

செயலாளர் அண்ணா, நானும் உங்கள் தாலுகாக்காரன்தான். பதினோரு ஆண்டுகளாக இங்கே இருக்கிறேன். உங்கள் அக்காள் மகன் சொன்னது 2022 பருவத்துக்குச் சரி, ஆனால் அதன் முழுக் கதையையும் தெரிந்துகொள்ளாமல் அப்படியே பெயர்த்து நட வேண்டாம்.

முதலில் ஐம்பது மீட்டர் என்பது எவ்வளவு பெரிய தண்டனை என்பதைப் பார்ப்போம். இந்த ஆட்டம் நீள்வட்ட மைதானத்தில், அணிக்குப் பதினெட்டுப் பேராக ஆடப்படுவது. கோலுக்கு 6 புள்ளிகள். மெல்பர்ன் கிரிக்கெட் மைதானத்தில் ஒரு கோல் முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறத்தாழ 160 மீட்டர். மைதானத்தின் நடுவில் ஒருவருக்கு ஃப்ரீ கிக் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கோல் அங்கிருந்து எண்பது மீட்டர், யாராலும் உதைத்து எட்ட முடியாத தூரம். அந்த நேரத்தில் எதிரணி ஆட்டக்காரர் நடுவரைப் பார்த்து வாயைத் திறந்தால், உதைக்கும் இடம் ஐம்பது மீட்டர் முன்னே போய்விடும். மிச்சம் முப்பது மீட்டர்தான். அந்தத் தொலைவிலிருந்து தவறவிடுபவர் அபூர்வம். அதாவது ஒரு வாய்ப்பேச்சுக்குக் கிட்டத்தட்ட ஒரு கோலே விலை. அதற்குப் பிறகும் அடங்காதவர்களுக்கு இன்னொரு ஐம்பது கொடுத்ததையும் பார்த்திருக்கிறேன்.

இது நேற்று வந்த தண்டனை அல்ல. 1988ஆம் ஆண்டுக்கு முன்பு பதினைந்து மீட்டராக இருந்ததைத்தான் ஐம்பதாக உயர்த்தினார்கள். நடுவரை ஏசினால் ஐம்பது என்பதும் பழைய வழக்கமே. 2022 பருவத்தில் நடந்தது என்னவென்றால், சொல்லால் மட்டுமின்றிச் செய்கையால் காட்டும் எதிர்ப்பையும் கண்டிப்பாகத் தண்டிக்கும்படி அந்த ஆட்டத்தை நடத்தும் தலைமை அமைப்பான ஏ.எஃப்.எல். நடுவர்களுக்கு அறிவுறுத்தியது. கைகளை விரிப்பது அதில் முதலிடம் பிடித்தது. தொழில்முறை ஆட்டத்தில் ஒரு நட்சத்திர வீரர் கையை விரிப்பதை ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்கா மைதானத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அப்படியே செய்கிறான், அங்கே விசில் ஊதும் பதினாறு வயதுப் பிள்ளை அடுத்த வாரம் வருவதில்லை என்பதுதான் அவர்கள் சொன்ன காரணம். நாடு முழுவதும் சுமார் 6,000 நடுவர்கள் பற்றாக்குறை என்று அப்போது சொன்னார்கள். உங்கள் மேசையில் விசிலை வைத்துவிட்டுப் போன பையனின் கதையும் இதுவும் ஒன்றுதான் அண்ணா.

நடுவரைத் தொட்டால் கதையே வேறு. 2021 இறுதிச் சுற்று ஆட்டம் ஒன்றில் டோபி கிரீன் என்ற வீரர் இடைவேளையில் நடுவரோடு வாதாடிக்கொண்டே அவர்மீது உரசிச் சென்றார். தீர்ப்பாயம் மூன்று ஆட்டத் தடை விதித்தது. அது போதாது என்று ஏ.எஃப்.எல். தானே மேல்முறையீடு செய்து ஆறாக உயர்த்தியது.

ஆனால் கைவிரிப்பு விதி இங்கே எல்லோருக்கும் இனித்தது என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு நடுவர் கொடுத்ததை இன்னொருவர் கொடுக்கவில்லை. ஒரே ஆட்டத்தில் முதல் கால் பகுதியில் குற்றமாக இருந்தது கடைசிக் கால் பகுதியில் கண்ணில் படவில்லை. என் அலுவலகத்தில் திங்கட்கிழமை தேநீர் நேரம் முழுவதும் இதே சண்டைதான். விதியைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தியபோது ஏ.எஃப்.எல். அமைப்பில் கால்பந்துத் துறைப் பொறுப்பில் இருந்த பிராட் ஸ்காட், அடுத்த பருவத்திலேயே எஸெண்டன் அணியின் பயிற்சியாளராகப் போய், அதே விதிக்குக் கட்டுப்பட்ட பக்கத்தில் உட்கார்ந்தார் என்பதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் இல்லை.

மூணாறு டிரில் மாஸ்டர் எழுதியது:

நான் முப்பத்திரண்டு ஆண்டுகள் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன். தேயிலை எஸ்டேட் அணிகளுக்கு இடையிலான கால்பந்து ஆட்டங்களிலும், பள்ளி ஹாக்கி ஆட்டங்களிலும் விசில் பிடித்திருக்கிறேன். தம்பி சித்தூரான் விளக்கமாக எழுதியிருக்கிறார். எனக்கு இரண்டு இடங்களில் உடன்பாடில்லை.

ஒன்று, கையை விரிப்பதையே குற்றமாக்குவது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை தான் செய்தது ஃபவுல் என்று உண்மையிலேயே நம்பாதபோது அவன் கை தானாக விரியும். அது வியப்பு. அதே பிள்ளை நடுவருக்கு முதுகைக் காட்டி, கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தால், அது நடுவருக்கு எதிராக ஆள் சேர்ப்பது. செயலாளர் எழுதியிருக்கும் சிறுவன் செய்தது இரண்டாவது வகை. இந்த வேற்றுமையை முகத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கையின் கோணத்தை வைத்துச் சொல்ல முடியாது. விதியை எளிதாக்க வேண்டும் என்பதற்காகக் கையை மட்டும் அளந்தார்கள், அதனால்தான் அங்கே அவ்வளவு கூச்சல் என்பது என் கருத்து.

இரண்டு, தூரத்தைத் தண்டனையாக வைப்பது. இங்கிலாந்தில், நாம் ஆடும் கால்பந்திலும் இதை முயன்று பார்த்துவிட்டார்கள். நடுவரை எதிர்த்தால் ஃப்ரீ கிக்கைப் பத்து கஜம் முன்னே நகர்த்தலாம் என்று 2000ஆம் ஆண்டில் கொண்டுவந்து, 2005இல் கைவிட்டார்கள். நம் கால்பந்தில் கோலுக்கு மிக அருகில் வைத்த ஃப்ரீ கிக், எதிரணியினர் வரிசையாக நிற்கும் தடுப்புச் சுவருக்கு மேலே எழும்பிக் கோலின் குறுக்குச் சட்டத்துக்குக் கீழே இறங்க இடமில்லாமல் போகிறது. இருபத்தைந்து கஜத்தில் இருந்ததைப் பதினைந்துக்குக் கொண்டுவந்தால் உதைப்பவருக்குத்தான் நட்டம். ஆஸ்திரேலிய ஆட்டத்தில் சுவர் கிடையாது, கோல் கம்பங்களுக்கு மேல் குறுக்குச் சட்டமும் கிடையாது. ஆகவே அங்கே முன்னே போகப் போக இலாபம். உங்கள் செவன்ஸ் வயலிலோ பத்து மீட்டர் நகர்த்தினால் பந்து எங்கே போய் நிற்கும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

நேரத்தைத் தண்டனையாக வையுங்கள். ஹாக்கியில் பச்சை அட்டை காட்டினால் இரண்டு நிமிடம் வெளியே உட்கார வேண்டும், மஞ்சள் என்றால் குறைந்தது ஐந்து நிமிடம். கபடியிலும் மஞ்சள் அட்டைக்கு இரண்டு நிமிடம். நம் பிள்ளைகளுக்குக் கபடி தெரியும். புதிதாகப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தும் கடைசியில் இங்கேதான் வந்து சேர்ந்தது: 2019 முதல் அடிமட்ட ஆட்டங்களில் நடுவரை எதிர்ப்பவரைப் பத்து நிமிடம் வெளியே அனுப்புகிறார்கள். அதற்கு முன்பு நடந்த சோதனையில் எதிர்ப்பு 38 சதவீதம் குறைந்ததாக அவர்களுடைய சங்கம் அறிவித்தது.

வேலந்தாவளம் பின்கள ஆட்டக்காரன் எழுதியது:

மாஸ்டர் ஐயா, செயலாளர் அண்ணா, இருவருக்கும் வணக்கம். ஆடுபவன் பக்கத்திலிருந்தும் ஒரு வார்த்தை. செவன்ஸில் எல்லை நடுவர் சில வேளை நடத்துபவரின் மைத்துனராகவே இருப்பார். அவர் கொடி தூக்கும்போது நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டும் என்றால், கேட்பதற்கு ஒரு வழியையும் திறந்து வைக்க வேண்டும். 2024 யூரோ கோப்பையில் அணித்தலைவர் மட்டும் நடுவரிடம் போய்க் கேட்கலாம், மற்றவர் சூழ்ந்தால் மஞ்சள் அட்டை என்று வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தபோது ஆட்டக்காரர்களுக்கு இது அவமானமாகத் தெரியவில்லை. நடுவரைச் சுற்றி எட்டுப் பேர் நின்று கத்தும் காட்சியும் இல்லை.

ஆனால் தண்டனை களத்திலேயே, அதே ஆட்டத்திலேயே விழ வேண்டும் என்பதில் ஆஸ்திரேலியக்காரர்கள் சொல்வதே சரி. 2019இல் ஜெய்ப்பூரில் நோ பால் தீர்ப்பை எதிர்த்து டோனி களத்துக்குள்ளேயே நடந்து வந்தார். நானும் அவருடைய ரசிகன்தான், இருந்தாலும் சொல்கிறேன். ஆட்ட ஊதியத்தில் பாதி அபராதம். சென்னை அந்த ஆட்டத்தைக் கடைசிப் பந்தில் வென்றது. ஊதியத்தில் பாதி போனது அவருக்கு வலித்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. அணிக்கு ஒன்றும் வலிக்கவில்லை. 2023இல் பெங்களூரில் சுனில் சேத்ரியின் ஃப்ரீ கிக் கோலை எதிர்த்து கேரளா பிளாஸ்டர்ஸ் அணி மொத்தமாக வெளியேறியபோது நான்கு கோடி ரூபாய் அபராதமும் பயிற்சியாளருக்குப் பத்து ஆட்டத் தடையும் வந்தன. அதுவும் வாரக்கணக்கில் கழித்து வந்த தீர்ப்பு. அதற்குள் எங்கள் ஊர்த் தேநீர்க் கடையில் சேத்ரியை வில்லனாக்கி முடித்துவிட்டார்கள்.

மெல்பர்னில் இருக்கும் சித்தூரான் எழுதியது:

மாஸ்டர் ஐயா சொன்ன குறுக்குச் சட்ட விவரம் எனக்குத் தோன்றவே இல்லை; ஒப்புக்கொள்கிறேன். கைவிரிப்பைப் பற்றி மட்டும் ஒரு மறுப்பு. முகத்தைப் பார்த்து முடிவு செய்ய ஐயாவைப் போல முப்பது ஆண்டுப் பழக்கம் வேண்டும். பதினெட்டு வயதுப் பையனிடம் "நீயே பார்த்து முடிவு செய்" என்றால், கூட்டத்தின் குரல்தான் அவனுக்காக முடிவு செய்யும். அவனுக்குக் கோடு போட்டுக் கொடுக்க வேண்டும். கோடு கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தாலும் பரவாயில்லை, அதன் பின்னால் அவன் நின்றுகொள்ளலாம்.

கொழிஞ்சாம்பாறைச் செயலாளர் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று இரவு குழு கூடியது. பள்ளிப் பிள்ளைகள் போட்டியில் மட்டும் இந்த ஆண்டு நடைமுறைப்படுத்திப் பார்ப்பதாக முடிவு. செவன்ஸுக்கு வெளியூர் அணிகளின் சம்மதம் வேண்டும், அதை அடுத்த ஆண்டு பார்க்கலாம். நடுவரைப் பார்த்து ஏசினாலோ, கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தாலோ மூன்று நிமிடம் வெளியே. அணி அதுவரை ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். நடுவரைப் பார்த்து விரிந்த கைக்கு முதல் முறை எச்சரிக்கை. இந்தப் பிரிவு மாஸ்டர் ஐயாவுக்கும் சித்தூரான் தம்பிக்கும் நடுவில் நான் போட்ட சமரசம், இருவருக்கும் நிறைவளிக்காது என்று தெரியும். கேட்பதற்கு அணித்தலைவர் மட்டும். கயிற்றை இரண்டு மீட்டர் பின்னே கட்டுகிறோம்.

அந்தப் பையன் வீட்டுக்கும் போய் வந்தேன். விதிகளைப் படித்தான். "மூன்று நிமிடத்தை யார் எண்ணுவது?" என்று மட்டும் கேட்டான். நான் மேசையில் உட்கார்ந்து எண்ணுவதாகச் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்றும் சொல்லவில்லை, வரவில்லை என்றும் சொல்லவில்லை. அறிவிப்புப் பலகையைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுத வேண்டும். மாஸ்டர் ஐயா, தமிழ் வரைவைத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் திருத்திக் கொடுத்தால் பெயிண்டரிடம் கொடுத்துவிடுவேன்.