அப்பத்தாவின் பூண்டுக் குழம்பைப் படையலில் வைக்கலாமா?

கேள்வி (பூம்பாறை, கொடைக்கானல்):
மறைந்த எங்கள் அப்பத்தாவுக்கு மகாளய அமாவாசையன்று அவர் கைப்பக்குவத்திலேயே சமைத்துப் படைக்க விரும்புகிறேன். மலைப்பூண்டை நல்லெண்ணெயில் பொன்னிறமாகும்வரை நிதானமாக வதக்கி, புளி கரைத்து ஊற்றி, எண்ணெய் பிரியும்வரை அடுப்பருகிலேயே நிற்பார். பூண்டு ஆகாது என்று சித்தப்பா தடுக்கிறார். என்ன செய்யலாம்?

பதில் 1:
பூண்டை விலக்குவது சிராத்தச் சமையலின் விதி. வீட்டுப் படையலில், இறந்தவர் விரும்பி உண்டதை வைப்பதே பல குடும்பங்களின் வழக்கம். தாராளமாக வையுங்கள், கூடவே விருப்பாச்சி வாழைப்பழமும் இருக்கட்டும்.

பதில் 2:
மேலைநாட்டுப் பேகன் நெறியினர் (கிறித்தவத்துக்கு முந்தைய இயற்கை வழிபாட்டைப் பின்பற்றுவோர்) பலர், அக்டோபர் 31 அன்று தொடங்கும், இறந்தோரை நினைவுகூரும் சம்ஹைன் நாளில், முன்னோருக்கென ஓர் இருக்கை ஒதுக்கி, குடும்பச் சமையல் குறிப்புப்படி ஆக்கியதைப் பரிமாறி, பேசாமல் உண்கிறார்கள். அவர்களில் சிலருக்கு அடுப்படிதான் வழிபாட்டிடம். உங்கள் அப்பத்தா அடுப்பருகில் நின்றதும் எனக்கு அப்படியே படுகிறது.

பதில் 3:
சித்தப்பாவின் மனமும் நோக வேண்டாம், தம்பி. காக்கைக்கு வைக்கும் சோற்றில் பருப்பும் நெய்யும் மட்டும் சேர்த்து, குழம்பைத் தனிக் கிண்ணத்தில் படத்தின் முன் வையுங்கள்.