பொருள்: ரைஃபிள் குழலின் 'தொண்டை' கெடுவதற்குச் சொல்

அடையாறு:
துப்பாக்கிப் பயிற்சிக் கையேடு ஒன்று வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. தோட்டா அறையைத் தாண்டியதும் குண்டு புரிக்குள் (குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய பள்ளங்கள்) நுழையும் இடம்தான் தொண்டை. அது கெட்டுக் குறி சிதறுவதைத் 'தொண்டை அரிப்பு' என்று எழுதியிருக்கிறேன். சரிதானா?

மயிலாப்பூர்:
தொண்டை அரிப்பென்றால் பையன்கள் சித்தரத்தையைத் தேடுவார்கள். 'மிடறு' இருக்கிறதே! நீலகண்டன் கறைமிடற்றன். நஞ்சு நின்ற இடம் கறுத்தது போலத்தான் இதுவும். 'மிடற்றுத் தேய்வு' என்க.

ஆவடி:
மிடறு இருக்கட்டும், 'தேய்வு' தப்பு. உராய்ந்தால் தேய்வு, இங்கே முதற்குற்றவாளி சூடு. எரிவாயுவின் வெப்பம் 2,500 பாகையைத் தாண்டும். ஒவ்வொரு வெடிக்கும் எஃகின் மேற்பரப்பு சுட்டுக் குளிர்ந்து கெட்டியாகி, வற்றிய ஏரித்தரை போல வெடிக்கிறது. போர்ஸ்கோப், அதாவது குழலுக்குள் பார்க்கும் கருவி, விட்டுப் பார்த்தால் தெரியும். விரிசலோரம் பெயர்ந்து, புரியின் தொடக்கம் முன்னால் நகர்கிறது; குண்டு அவ்வளவு தூரம் பிடிப்பில்லாமல் தாவுகிறது. தோட்டா வகைகளில் .308-இன் உறையை வாய் ஒடுக்கியதுதான் .243. வெடிமருந்து ஏறக்குறைய அதேதான். துளைப் பரப்போ ஐந்தில் மூன்று பங்கு. அதனால் .308 போட்டித் தரத்தில் 5,000 சுற்று வரை தாங்கினால், .243 1,500–2,000-இலேயே தளர்ந்துவிடும். சின்னத் தோட்டாவான .22 ரிம்ஃபயர் பல பத்தாயிரம் சுட்டாலும் அசையாது. ஆறவிடாமல் படபடவென்று சுட்டால் இந்தக் கணக்கெல்லாம் வெகுவாகக் குறையும். என் முன்மொழிவு: 'மிடற்றுத் தீய்வு'.

தாம்பரம்:
அச்சுக்கோப்பவர் அதைத் 'தேய்வு' என்று திருத்திவிடுவார், பாருங்கள். இடையில் ஒன்று: வலப்பக்கம் முறுகினால் வலம்புரி, இடமானால் இடம்புரி என்று சங்கின் பெயரையே புரிக்கு வைத்துக்கொள்ளலாம். பழைய .303 லீ-என்ஃபீல்டு இடம்புரிதான்.

மயிலாப்பூர்:
அருமை! 'புரி' முறுக்குதல், முப்புரிநூலும் அதுவே. 'துப்பாக்கி'யிலும் வலிமை குறிக்கும் 'துப்பு' ஒளிந்திருக்கிறது...

ஆவடி:
அய்யா, அது துருக்கியிலிருந்து வந்த சொல். வான்சிறப்புக் குறளை இழுக்காதீர்கள்.

அடையாறு:
'குழல் ஆயுள்' என்று தலைப்பிட்டிருக்கிறேன். வடசொல் என்று சண்டை வருமா?

மயிலாப்பூர்:
வரும். 'வாழ்நாள்'.

ஆவடி:
இரண்டுமே ஏமாற்றும். குழல் சாவதில்லை, சுடும், குறிதான் விரியும். 'துல்லிய ஆயுள்' என்றால் பொருள் தவறாது. கையேட்டில் இதையும் சேருங்கள்: குறி விரிந்ததும் குழலைப் பழிக்காதீர்கள். முதலில் துப்பாக்கி மேலிருக்கும் குறித்தொலைநோக்கியின் திருகுகளை முடுக்குங்கள். அடுத்து, கரைப்பான் விட்டுச் செப்புப் படிவை நீக்குங்கள். துடைக்கும் துணியில் நீலம் வருவது நிற்கும் வரை. குழல்வாய் விளிம்பைப் பாருங்கள்: வழிகாட்டிக் குழாய் இல்லாமல் வாய்ப்பக்கமிருந்து துடைப்புக் கம்பி விடுகிறவர்கள்தான் அதைக் கெடுப்பது. இவ்வளவுக்குப் பிறகும் ஐந்து ஐந்தாகச் சுட்ட துளைக்கூட்டங்கள் இலக்கில் தொடர்ந்து விரிந்தால், குண்டு புரியைத் தொடும் நீளத்தை அளந்து, புதிதாக இருந்தபோது குறித்த அளவோடு ஒப்பிடுங்கள். கூடியிருந்தால் தொண்டைதான். பின்பக்கத்தை ஓரங்குலம் வெட்டி அறையைப் புதிதாகக் கடைந்தால் இன்னும் கொஞ்ச காலம் ஓட்டலாம்.

தாம்பரம்:
என் வாக்கு 'தொண்டைத் தேய்வு'. மாணவனுக்கு விளங்கும், போதும்.

அடையாறு:
மூன்று பேர் தனிமடலிலும் அதையே சொன்னார்கள். 'தொண்டைத் தேய்வு', 'துல்லிய ஆயுள்' என்றே அனுப்புகிறேன்.

ஆவடி:
அடிக்குறிப்பிலாவது 'உராய்வைவிட வெப்பத்தால்' என்று போடுங்கள்.

மயிலாப்பூர்:
'துல்லியம்' எந்த ஊர்ச் சொல் என்று யாரும் கேட்கவேயில்லையே?