[உதவி – அவசரம்] புது டிஸ்க் மாட்டியும் விஎம் எழவில்லை, ஐஓ-எரர்

எறும்பு_404: காலையிலிருந்து 3 விஎம் (ஒரே சர்வருக்குள்ள ஓடுற மெய்நிகர் கணினி) மஞ்சள் முக்கோணத்தோட நிக்குது, ஐஓ-எரர்னு காட்டுது. ரீசெட் பண்ணா ரெண்டு நிமிஷத்துல திரும்ப நின்னுடுது. இடம் பத்தலையோன்னு 1 டிபி எஸ்எஸ்டி ஒண்ணு மாட்டினேன், ஒரு மாற்றமும் இல்ல. ஆனா டிஎஃப் -ஹெச் (காலி இடம் காட்டுற கமாண்ட்) போட்டா 60 ஜிபி காலியா இருக்குன்னு வருது. யாராவது சொல்லுங்க, ஆபீஸ்ல எல்லாரும் காத்திருக்காங்க.

திண்டுக்கல்_லினக்ஸ்: எந்த ஹைப்பர்வைசர் (விஎம்மை ஓட்டுற மென்பொருள்)? விஎம் டிஸ்க் எல்லாம் எதுல இருக்கு: எல்விஎம்-தின், இசட்எஃப்எஸ் (ரெண்டும் டிஸ்க் இடத்தைப் பிரிச்சுக் கொடுக்கிற முறை), இல்ல வெறும் டைரக்டரியா? டிஎஃப் ஹோஸ்ட்ல (விஎம்களைத் தாங்குற சர்வர்) போட்டதா, விஎம் உள்ளேயா?

சாலிடர்மணி: முதல்ல கேபிளைப் பாருங்க. டிமெசேஜ்ல (கர்னல் லாக்) பழைய டிஸ்க் பேரோட ஐஓ எரர் வரி வருதா? ஸ்மார்ட்ல (டிஸ்க்கோட உடல்நல அறிக்கை) 199-ஆம் வரி எண்ணிக்கை ஏறினா கேபிள், 197 ஏறினா டிஸ்க்கே போகுதுன்னு அர்த்தம். இடம் இடம்னு தேடி நாளைப் போக்காதீங்க.

மூத்தநிர்வாகி: டிஎஃப் காட்டுறது மவுண்ட் ஆன ஃபைல்சிஸ்டத்தை மட்டும்தான். தின் பூல் (விஎம் டிஸ்க்குக்கு எழுத எழுத இடம் கொடுக்கிற பொது இடம்) அதுல வரவே வராது. இந்த அடிப்படை தெரியாம பலபேர் நம்பியிருக்கிற சர்வர்ல கை வைக்கக் கூடாது, தம்பி. எல்விஎஸ், விஜிஎஸ் (பூல் எவ்வளவு நிரம்பிருக்கு, வெளியே எவ்வளவு மிச்சம்னு காட்டுற கமாண்ட்) ரெண்டையும் ஓட்டி அப்படியே போடுங்க. அதுவரைக்கும் ரீசெட்டைத் தொடாதீங்க.

எறும்பு_404: மன்னிக்கணும் சார். ப்ராக்ஸ்மாக்ஸ் 8, லோக்கல்-எல்விஎம் (எல்விஎம்-தின்தான்). பழைய டிஸ்க் 480 ஜிபி. டேட்டா பூல் 319 ஜிபி, டேட்டா 100.00 சதவீதம், மெட்டா 4.12 சதவீதம். விஃப்ரீ (பூலுக்கு வெளியே மிச்சம்) 16 ஜிபி. 4 விஎம், ஒவ்வொண்ணுக்கும் 200 ஜிபி. டிமெசேஜ்ல டிஸ்க் எரர் இல்ல. டிஎஃப் ஹோஸ்ட்ல போட்டது.

திண்டுக்கல்_லினக்ஸ்: அப்ப விஷயம் தெளிவு. 319 ஜிபியை வெச்சுக்கிட்டு 800 ஜிபி வாக்குக் கொடுத்திருக்கீங்க. தின் பூல் அதுக்குச் சம்மதிக்கும், நிரம்புற வரைக்கும். நிரம்பினதும் எழுத வந்த விஎம்மை க்யூமு (விஎம்மை ஓட்டுற ப்ராசஸ்) நிறுத்திடுது.

ரீசெட் ஏன் கூடாதுன்னா, எழுத முடியாம நின்ன ரைட் க்யூமுகிட்டயே காத்துக்கிட்டு இருக்கும். இடம் கிடைச்சு ரெஸ்யூம் கொடுத்தா விட்ட இடத்துலேர்ந்து எழுதும். ரீசெட் பண்ணா அது போச்சு. டேட்டாபேஸ் விஎம்ல இது பெரிய வித்தியாசம்.

நல்லவேளை, இன்ஸ்டாலர் விஜில (வால்யூம் குரூப், பூல் இருக்கிற டிஸ்க் தொகுதி) விட்டுவைக்கிற 16 ஜிபியை நீங்க தொடல. இப்பவே இதை ஓட்டுங்க:

எல்விஎக்ஸ்டெண்ட் -எல் +15ஜி பிவிஇ/டேட்டா (எல் பெரிய எழுத்து)

பிறகு ஒவ்வொரு விஎம்முக்கும் ரெஸ்யூம். இது மூச்சு விட மட்டும்தான். உடனே பேக்கப் எடுங்க, இந்த பூல் இல்லாத வேற இடத்துல. பழைய ஸ்னாப்ஷாட் (டிஸ்க்கோட அப்போதைய நிலையைப் பிடிச்சு வெச்சது) இருந்தா அழிங்க, அழிச்ச ஃபைலோட பிளாக்கைக்கூட அது விடாமப் பிடிச்சு வெச்சிருக்கும்.

அடுத்து விஎம்மோட ஹார்டுவேர் பக்கத்துல டிஸ்க்கைத் திறந்து டிஸ்கார்ட் டிக் பண்ணுங்க, விஎம் உள்ளே எஃப்எஸ்ட்ரிம் -ஏவி (அழிச்ச இடத்தைத் திருப்பிக் கொடுக்கிற கமாண்ட்) ஓட்டுங்க. டிஸ்கார்ட் இல்லேன்னா உள்ளே எவ்வளவு அழிச்சாலும் பூலுக்கு ஒரு பைட் கூடத் திரும்ப வராது.

கருந்திரை: புது எஸ்எஸ்டியை விஜிஎக்ஸ்டெண்ட் (விஜில டிஸ்க் சேர்க்கிற கமாண்ட்) பண்ணி அதே பூல்ல சேர்த்துட்டா ஒரே நிமிஷத்துல முடிஞ்சது. ஆனா முதல்லயே இசட்எஃப்எஸ் மிரர் (ரெண்டு டிஸ்க்லயும் ஒரே நகல்) போட்டிருந்தா இந்த நிலைமையே வந்திருக்காது.

மூத்தநிர்வாகி: அப்படிச் சேர்க்கச் சொல்லாதீங்க. பூல் ரெண்டு டிஸ்க்ல பரவிடும், எது செத்தாலும் 4 விஎம்மும் சேர்ந்து போகும். இசட்எஃப்எஸ்ஸும் நிரம்பத்தான் செய்யும், பாதி ரேமை வேற விழுங்கும்.

கருந்திரை: பாதி ரேம் பழைய கணக்கு. ப்ராக்ஸ்மாக்ஸ் 8.1-லேர்ந்து புதுசா இன்ஸ்டால் பண்ணா ஆர்க் (இசட்எஃப்எஸ்ஸோட கேஷ்) ரேம்ல 10 சதவீதம்தான், அதுவும் 16 ஜிபிக்கு மேல போகாது.

மூத்தநிர்வாகி: ரெய்டு கார்டு (பல டிஸ்க்கை ஒண்ணாக் காட்டுற கார்டு) மேல இசட்எஃப்எஸ் போட்டவங்க எத்தனை பேர்னு உங்களுக்கே தெரியும். கார்டு டிஸ்க்கை நேரா காட்டலேன்னா அதுக்கு அர்த்தமே இல்ல.

சாலிடர்மணி: அவர்கிட்ட ரெய்டு கார்டு இருக்குன்னு யாரும் சொல்லலையே.

திண்டுக்கல்_லினக்ஸ்: இசட்எஃப்எஸ் சண்டைக்கு வேற இழை திறங்க. எறும்பு, புது எஸ்எஸ்டியைத் தனி பூலா வைங்க. நோட் > டிஸ்க்ஸ் > எல்விஎம்-தின் > கிரியேட். அங்க உபயோகத்துல இல்லாத டிஸ்க் மட்டும்தான் வரும், தப்பான டிஸ்க்கை அழிச்சிடுவோமோங்கிற பயம் இல்ல. பிறகு டிஸ்க் ஆக்‌ஷன் > மூவ் ஸ்டோரேஜ். விஎம் ஓடிக்கிட்டே நகரும். டிலீட் சோர்ஸ் டிக் பண்ண மறந்தா பழசு அன்யூஸ்டு டிஸ்க்னு உட்கார்ந்து அதே இடத்தை அடைச்சிருக்கும். ஓடும்போது நகர்த்தினா காலி இடமும் சேர்ந்து புது பூல்ல நிரம்பலாம், அதனால நகர்த்தின பிறகும் ஒரு தடவை ட்ரிம் ஓட்டுங்க. எல்லாத்தையும் அங்க தள்ளாதீங்க, ரெண்டை மட்டும்.

எறும்பு_404: அண்ணா, 15 ஜிபி ஏத்தி ரெஸ்யூம் கொடுத்ததும் மூணும் எழுந்துடுச்சு. பேக்கப் முடிச்சு ட்ரிம் ஓட்டினதுல 71 ஜிபி திரும்ப வந்தது, டேட்டா இப்ப 76 சதவீதம். ஒரே ஒரு விஎம்ல மட்டும் எஃப்எஸ்ட்ரிம் ஒண்ணுமே காட்டாம முடியுது. டிஸ்கார்ட் டிக் பண்ணி உள்ளேயிருந்து ரீபூட்டும் பண்ணிட்டேன்.

திண்டுக்கல்_லினக்ஸ்: உள்ளேயிருந்து ரீபூட் போதாது, க்யூமு ப்ராசஸ் மாறாது. ஷட்டவுன் பண்ணி ஸ்டார்ட் கொடுங்க. ஹார்டுவேர் பக்கத்துல அந்த வரி ஆரஞ்சா இருக்கிற வரைக்கும் மாற்றம் இன்னும் ஏறலை.