கொடுவா குட்டையில் குச்சி நட்டால் குஞ்சு பிழைக்குமா? பிச்சாவரத்து வேர் பற்றி ஒரு சந்தேகம்

கோபி_வாய்க்கால்
கோபிப் பக்கம் பண்ணைக் குட்டை வைத்திருக்கிறேனுங்க. இதுவரை கட்லா, ரோகு மட்டும்தான், இந்த வருஷம் கொடுவா குஞ்சு விடலாம் என்று யோசனை. பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்குப் போயிருந்தபோது படகுக்காரர் சுரபுன்னை வேர்களுக்கு நடுவே விரல் நீளம்கூட இல்லாத பொடிசுகளைக் காட்டி, வேர் இருந்தால்தான் குஞ்சு தங்கும் என்றார். அப்படியென்றால் குட்டையில் மூங்கில் குச்சி, பருத்திமார் என்று எதையாவது ஊன்றி வைத்தால் குஞ்சு சாவது குறையுமா? கடல் மீனுக்குக் காட்டுக்குள் அப்படி என்னதான் வேலை?

சேற்றுக்கால்
சொந்த ஊர் பவானி, படித்தது பிச்சாவரத்துக்குப் பக்கத்தில் பரங்கிப்பேட்டையில், அதனால் அந்த ஓடைகள் கொஞ்சம் பழக்கம். படகுக்காரர் சொன்னது பாதி சரிங்க. வேர் நெருக்கத்துக்குள் பெரிய மீன் பாய்ந்து திரும்ப முடியாது, பொடிசுக்கு அது வசதி. ஆனால் ஆஸ்திரேலியாவில் மோர்ட்டன் விரிகுடாவில் குச்சிகளை வேர் மாதிரி நட்டுப் பார்த்தார்கள். சுத்தமான குச்சிக்குப் பெரிதாகக் கூட்டமில்லை, பாசி படியவிட்ட குச்சிக்குத்தான் சுமார் நாலு மடங்கு குஞ்சு வந்தது. ஒளிய இடம் மட்டும் போதாது, அங்கேயே வாய்க்கு ஏதாவது கிடைக்கவும் வேண்டும்.

அப்புறம் குஞ்சு வேரடியிலேயே குடியிருக்கிறது என்றும் நினைக்க வேண்டாம். ஓதம், அதாவது கடல் தண்ணீர், ஏறும்போது அதோடு உள்ளே போகும், வற்றும்போது ஓடையின் ஆழமான பக்கம் இறங்கிவிடும். மடவைக் குஞ்சுக் கூட்டம் தண்ணீர் ஏறுகிற விளிம்போடு, கணுக்கால் நனையாத ஆழத்தில், சேற்றை மேய்ந்துகொண்டே போவதை நின்று பார்த்தால் தெரியும். அவ்வளவு ஆழமில்லாத, அதுவும் கலங்கலான தண்ணீரில் பெரிய மீனுக்கு வேட்டை கஷ்டம். ஆக ஓடை, முகத்துவாரம், சேற்றுத் திட்டு எல்லாம் சேர்ந்ததுதான் அதன் வீடு, வேர் அதில் ஒரு அறை.

கரூர்_காரன்
நல்ல விளக்கம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் 'அலையாத்திக் காடு மீன்களின் தொட்டில்' என்று எல்லாரும் சும்மா எழுதிவிட்டுப் போகிறார்கள். குஞ்சு நிறைய இருக்கிறது என்பது வேறு, அது வளர்ந்து கடலுக்குத் திரும்புகிறது என்பது வேறு. அதே பரப்புள்ள மற்ற இடங்களைவிட அங்கிருந்து அதிக மீன் பெரிய மீன்களோடு போய்ச் சேர்ந்தால்தான் தொட்டில் என்று சொல்லலாம் என 2001இலேயே ஆய்வாளர்கள் வரையறுத்துவிட்டார்கள். மீனின் தலைக்குள் காதில் வளர்கிற சின்னக் கல்லில் (காதுக்கல்) படிந்த ஸ்ட்ரான்சியம், பேரியம் அளவை வைத்து அது சின்ன வயதில் எந்தத் தண்ணீரில் இருந்தது என்று ஓரளவு கண்டுபிடிக்கிறார்கள்.

கரீபியன் பக்கம் 2004இல் வந்த ஆய்வில், காடு அருகே இருந்த பவளத்திட்டுகளில் சில வகை மீன்களின் மொத்த எடை இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஆனால் அங்கே ஓதம் குறைவு, வேர் எப்போதும் தண்ணீருக்குள். வேர் முழுக்க வெளியே தெரியும்படி வற்றுகிற வட ஆஸ்திரேலியா மாதிரி இடத்துக்கு அதை அப்படியே தூக்கி வைக்க முடியாது.

இன்னொன்று, பிச்சாவரம் கொள்ளிடத்துக்கும் வெள்ளாற்றுக்கும் நடுவே இருக்கிறது. நம் கொடுமுடியைத் தாண்டிப் போகிற காவிரியிலிருந்துதான் கொள்ளிடம் பிரிகிறது. மேலே தேக்கிவைக்கத் தேக்கிவைக்க அங்கே உப்பு ஏறுகிறது. ஓதத் தண்ணீர் ஏறாமல் காய்ந்த திட்டுகளில் மீன்முள் வடிவத்தில் வாய்க்கால் வெட்டித்தான் காட்டை மீட்டார்கள். வாய்க்காலின் அருமை நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

கோபி_வாய்க்கால்
சரிங்க, இப்போது நான் குச்சி ஊன்றட்டுமா வேண்டாமா?

சேற்றுக்கால்
கொடுவாவுக்கு வேண்டாங்க. குட்டையில் கொடுவாக் குஞ்சைத் தின்பது வேறு மீன் இல்லை, கூடப் பிறந்ததே. தன் நீளத்தில் பாதி இருக்கிற தம்பியைக்கூட விழுங்கிவிடும். அதனால் ஹாப்பாவில் (குட்டைக்குள் கட்டுகிற பெட்டி மாதிரி வலை) வைத்து, நாலைந்து நாளுக்கு ஒரு தடவை சைஸ் பிரித்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அதுதான் உயிர் காக்கும். குச்சி ஊன்றினால் வலை இழுக்கவே முடியாது. குஞ்சு உப்புத் தண்ணீரில் இருந்து வந்தால் மெதுவாக நல்ல தண்ணீருக்குப் பழக்கிவிட்டு விடுங்கள்.

மூங்கிலை ரோகு இருக்கிற குட்டையில் ஊன்றுங்கள், அதில் படிகிற பாசியை ரோகு நன்றாக மேயும். வங்கதேசத்தில் அப்படித்தான் செய்கிறார்கள். இரண்டையும் ஒரே குட்டையில் மட்டும் விட்டுவிடாதீர்கள், ரோகுக் குஞ்சு கொடுவாவுக்குத் தீனியாகிவிடும்.