ஃபிஷ்போன்: மேடையில் புலி, இசைத்தட்டில் பூனையா?

தூங்காநகரம்:
ஃபிஷ்போன் கேட்க ஆரம்பிக்க எந்த ஆல்பம் நல்லது என்று போன வாரம் வேறொரு திரியில் ஒருவர் கேட்டிருந்தார். ஆல்பத்திலிருந்தே ஆரம்பிக்காதீர்கள், மேடையில் பாருங்கள் என்று சொன்னேன். நாலு பேர் சண்டைக்கு வந்துவிட்டார்கள். அந்தத் திரியை நாறடிக்க வேண்டாம் என்று இங்கே தனியாகத் திறக்கிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக. 1979-ல் லாஸ் ஏஞ்சலஸில் ஆறு பள்ளிப் பையன்கள் சேர்ந்து ஆரம்பித்த இசைக்குழு இது. கறுப்பினப் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி வெள்ளையர் பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பிவைத்த காலம். அப்படி சவுத் சென்ட்ரல் பக்கமிருந்து சான் ஃபெர்னாண்டோ பள்ளத்தாக்குக்குப் போன பையன்களும், அங்கேயே குடியிருந்த, பின்னாளில் குழுவின் பாடகரான ஏஞ்சலோ மூரும் ஒரே பள்ளியில் சந்தித்துக்கொண்டார்கள். ஸ்கா (ஜமைக்காவின் துள்ளல் இசை), ஃபங்க் (கறுப்பின அமெரிக்கர்களின் ஆட்ட இசை), பங்க் (வேகமான முரட்டு ராக்), மெட்டல் (கனமான ராக்) எல்லாவற்றையும் ஒரே அண்டாவில் போட்டுக் கிண்டினார்கள். 40 வருடங்களுக்கு மேல் ஆகியும் இன்னும் அடுப்பு அணையவில்லை.

சில வருடங்களுக்கு முன் வேலை விஷயமாக லாஸ் ஏஞ்சலஸ் போயிருந்தபோது ஒரு சின்ன கிளப்பில் பார்த்தேன். 300 பேர் நின்றால் மூச்சு முட்டும் இடம். ஏஞ்சலோ மூர், தன் உயரத்துக்குப் பாதி இருக்கும் ஒரு சாக்ஸபோனைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வந்தார். ரெண்டாவது பாட்டிலேயே சட்டை பிழிந்தால் தண்ணீர் வரும் நிலை. அப்புறம் தெரமின் பக்கம் போனார். கை படாமலே ஊளையிடும் கருவி அது. காற்றைத் தடவித் தடவி அதை அழ வைத்தார். கீழே கூட்டம் வட்டமாகச் சுற்றி ஆடிக்கொண்டிருந்தது. ஒருவர் வழுக்கி விழுந்தார், நாலு கைகள் அவரைத் தூக்கிவிட்டன, ஆட்டம் நிற்கவே இல்லை. ஊருக்கு வந்து அதே பாடல்களை இசைத்தட்டில் போட்டால் எல்லாம் கழுவித் துடைத்து அலமாரியில் அடுக்கியது மாதிரி இருக்கிறது. இந்தக் குழுவை எடைபோட வேண்டிய தராசு மேடைதான்.

பழைய_ஒலிநாடா:
'நேரில் பார்த்தால்தான் புரியும்' என்பது நல்ல ஆல்பம் போடாத குழுக்களுக்கு ரசிகர்கள் கொடுக்கும் ஆறுதல் பரிசு. ஃபிஷ்போனுக்கு அந்தப் பரிசு தேவையே இல்லை. 1988-ல் வந்த 'ட்ரூத் அண்ட் சோல்' இருக்கிறதே. முதல் பாட்டு கர்ட்டிஸ் மேஃபீல்டின் 'ஃப்ரெடீஸ் டெட்'. போதைமருந்து உலகில் சிக்கிச் செத்துப்போனவனைப் பற்றிய சோகமான சோல் (கறுப்பின அமெரிக்கர்களின் உருக்கமான இசை) பாட்டு. அதைக் கனமான கிட்டாரில் தூக்கி நிறுத்துகிறார்கள். அடுத்த பாட்டு 'மா அண்ட் பா', துள்ளல் ஸ்கா. கேட்டால் கால் தானாக ஆடும். விஷயம் என்ன? பிரிந்துபோன அப்பாவும் அம்மாவும் நடுவில் நின்று திண்டாடும் பிள்ளைகள். இந்த ரெண்டு பாட்டையும் அடுத்தடுத்து வைத்ததிலேயே ஒரு யோசனை இருக்கிறது. உங்கள் வியர்வைக் கிளப்பில் ஒரு வரியாவது காதில் விழுந்ததா?

தூங்காநகரம்:
வரி காதில் விழவில்லை, ஒப்புக்கொள்கிறேன். பக்கத்திலிருந்தவரின் முழங்கைதான் விழுந்தது.

சரி, நீங்கள் சொன்னது ஒரு ஆல்பம். 1991-ல் வந்த 'தி ரியாலிட்டி ஆஃப் மை சரவுண்டிங்ஸ்' எப்படி? 18 உருப்படிகள். நடுநடுவே துண்டுத் துண்டாகக் குட்டிப் பாட்டுகள். ஒரு பாட்டில் மனம் ஒட்டுவதற்குள் வேறெங்கோ இழுத்துக்கொண்டு ஓடுகிறது. மேடையில் இந்தக் குதிரை ஓட்டம் உற்சாகமாக இருக்கும். வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டால் தலை சுற்றும்.

பழைய_ஒலிநாடா:
தலை சுற்றவேண்டும் என்றுதான் போட்டார்கள். பெயரைப் பாருங்கள், 'என்னைச் சுற்றியுள்ள நிஜம்'. 'எவ்ரிடே சன்ஷைன்' அதில்தான், திரைப்பட இயக்குநர் ஸ்பைக் லீ காணொளி எடுத்த 'சன்லெஸ் சாட்டர்டே'யும் அதில்தான். தினமும் வெயில் வேண்டும் என்று ஒரு பாட்டு, வெயிலே இல்லாத சனிக்கிழமை என்று ஒரு பாட்டு. அமெரிக்க ஆல்பம் விற்பனைப் பட்டியலில் 49-வது இடம் வரை போன ஆல்பம் அய்யா இது.

அரைஇடம்:
நான் மிருதங்கம் வாசிப்பவன், ராக் விவகாரம் அரைகுறைதான். இந்தத் திரியைப் பார்த்துவிட்டு நேற்று ராத்திரி பூராவும் கேட்டேன். ரெண்டு பேரும் தாளத்தைப் பற்றிப் பேசவே இல்லை என்பதால் ஒரு விஷயம்.

ஸ்காவில் கிட்டார்காரர் தட்டு விழும் இடத்தில் வாசிப்பதே இல்லை. ரெண்டு தட்டுக்கும் நடுவே, நம் பாஷையில் அரை இடத்தில், தந்தியை வெடுக்கென்று சுண்டி உடனே அடக்கிவிடுகிறார். 'ச்க்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். ஜமைக்காவில் 1950-களின் கடைசியில் பிறந்த பழக்கம். தட்டு காலியாகக் கிடப்பதால் அதை நம் உடம்பு நிரப்பப் பார்க்கிறது. அதனால்தான் ஸ்கா கேட்டால் நிற்க முடிவதில்லை.

ஃபங்க் நேர் எதிர். ஃபங்க் முன்னோடி ஜேம்ஸ் பிரவுன் வழிவந்தவர்களுக்கு முதல் தட்டுதான் தெய்வம். சுற்றி எங்கே அலைந்தாலும் சமத்தில் 'தொம்' என்று வந்து இறங்கியே ஆகவேண்டும். ஒன்று தட்டைத் தவிர்ப்பது, இன்னொன்று தட்டைக் கும்பிடுவது. ஒரே கச்சேரியில், சில சமயம் ஒரே பாட்டில், இதிலிருந்து அதற்குத் தாவுவது விளையாட்டல்ல. பழைய பதிவுகளில் டிரம்ஸ் வாசிக்கும் பிலிப் ஃபிஷர் அதைத் தாவுவது மாதிரியே காட்டாமல் தாவுகிறார். அங்கேதான் நான் அசந்துபோனேன். இது இசைத்தட்டிலேயே நன்றாகக் கேட்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கீழ்ஸ்தாயி:
அரைஇடம் அண்ணே, அருமை. ஆனால் பாதிப் பெருமை டிரம்ஸுக்குப் போய்விட்டது. பிலிப்பின் அண்ணன் நார்வுட் ஃபிஷரின் பாஸ் கிட்டாரை விட்டுவிட்டீர்களே. கட்டைவிரலால் தந்தியை அடிப்பது, ஆட்காட்டி விரலால் கொக்கி போட்டு இழுத்து விடுவது, இதுதான் ஸ்லாப். லாரி கிரஹாம் என்ற பாஸ் கலைஞர், டிரம்ஸ் இல்லாமல் தன் அம்மாவோடு வாசித்த காலத்தில் அந்தக் குறையை ஈடுகட்டக் கண்டுபிடித்த வித்தை. நார்வுட் அதை பங்க் வேகத்தில் வாசிப்பார். அவர் கையைப் பார்த்துத்தான் நான் பாஸ் வாங்கினேன். முதல் மாதம் கட்டைவிரல் கொப்புளித்து, சோறு பிசையவே முடியவில்லை.

என் சண்டை வேறு. இப்போது மேடையேறுவதை ஃபிஷ்போன் என்று எப்படிச் சொல்வது? நார்வுட் இல்லை, பிலிப் எப்போதோ போய்விட்டார், கிட்டார் வாசித்த கெண்டல் ஜோன்ஸ் 1993-லேயே விலகினார். ஆரம்பகால ஆட்களில் ஏஞ்சலோ மூரும் கிறிஸ் டவுடும்தான் மிச்சம். அந்த கிறிஸ் டவுடும் நடுவில் பல வருடம் குழுவில் இல்லாதவர். 'மேடைதான் தராசு' என்கிறாரே தூங்காநகரம், அந்தத் தராசில் இன்று நிற்பது யார்?

குத்துவிளக்கு:
கோடாலிக்குப் பிடியை ரெண்டு தடவை மாற்றி, இரும்பை ஒரு தடவை மாற்றிவிட்டு, இது தாத்தா காலத்துக் கோடாலி என்கிற கதைதான். (நான் வேடிக்கை பார்க்க வந்தேன், தொடருங்கள்.)

தூங்காநகரம்:
கீழ்ஸ்தாயி தம்பி, அந்தக் கோடாலி இன்னும் விறகு வெட்டுகிறதா என்பதுதான் என் கேள்வி. புதுப் பையன்களை வைத்துக்கொண்டு 2025-ல் 'ஸ்டாக்ஹோம் சிண்ட்ரோம்' என்று முழு ஆல்பமே போட்டிருக்கிறார்கள். பாடகர் யாரோ ஒரு ஆள் என்றால் உங்கள் பக்கம் வருவேன். பாடுவது அதே ஏஞ்சலோ மூர்.

கீழ்ஸ்தாயி:
பாடகர் இருந்தால் போதும் என்றால் அவர் தனி ஆளாகவே வரலாமே, 'டாக்டர் மேட் வைப்' என்று தனிப் பெயரே இருக்கிறது. எந்தக் குழுவானாலும் ரசிகர் கண்ணுக்குப் பாடகர் மட்டும்தான் தெரிவார். மற்றவர்கள் வேலையாட்கள். ஒன்று சொல்கிறேன். கெண்டல் விலகி, குழுவினர் ஆபத்தான மதக்கூட்டம் என்று நினைத்த இடத்துக்குப் போய்விட்டபோது, அவரைத் திரும்பக் கூட்டிவரக் கிளம்பியது நார்வுட். அதற்காக அவர் மேல் ஆட்கடத்தல் முயற்சி வழக்கே போட்டார்கள். நீதிமன்றம் ஏறி விடுதலையானார். தன் குழுவில் ஒருவன் போய்விட்டான் என்று சிறைக்குப் போகவும் தயாராக இருந்த மனிதர் இல்லாத குழுவை நான் அந்தப் பெயரில் கூப்பிடமாட்டேன். இதில் கோபமெல்லாம் இல்லை. வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

வரிசையில்கடைசி:
எல்லோரும் மேடை மேடை என்று உருகுகிறீர்கள். நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன். 2010-ல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த கச்சேரியில் ஏஞ்சலோ மூர் மேடையிலிருந்து கூட்டத்துக்குள் பாய்ந்தார். கீழே நின்ற ஒரு பெண்ணுக்கு மண்டையோட்டிலும் காறை எலும்பிலும் முறிவு. 2014-ல் நீதிமன்றம் சுமார் 14 லட்சம் டாலர் இழப்பீடு விதித்தது. நீங்கள் புகழும் 'மேடை வெறி' என்பதில் இதுவும் சேர்த்திதானே? அந்தப் பெண் டிக்கெட் வாங்கிக்கொண்டு பாட்டுக் கேட்க வந்தவர், மெத்தையாக இருக்க வந்தவர் இல்லை.

தூங்காநகரம்:
இதற்கு என்னிடம் சால்ஜாப்பு இல்லை. தப்பு தப்புதான். 80-களில் பங்க் கச்சேரிக்கு வந்தவர்களுக்கு, மேலே இருந்து ஒருத்தர் விழுவார், பிடிக்கவேண்டும் என்று தெரிந்திருந்தது. 2010-ல் எல்லாத் தரப்பு ஆட்களும் வருகிறார்கள். அதைக் கணக்கில் எடுக்காமல் பழைய பழக்கத்தில் பாய்ந்தது மேடைக்காரர் குற்றம்.

வரிசையில்கடைசி:
80-களிலும் எலும்பு எலும்புதான். வழக்கு நீதிமன்றம் வரை வரவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கல்லூரி நாட்களில் ஒரு கச்சேரியில், வேறு குழு, என் தோள்பட்டை இறங்கிவிட்டது. இன்னும் மழை வந்தால் வலிக்கும். அன்றிலிருந்து நான் பின்சுவரில் சாய்ந்து நிற்கிற கட்சி. என் பெயருக்குக் காரணமும் அதுதான். சொல்லப்போனால் பின்னால் நின்றால்தான் டிரம்பெட்டும் டிராம்போனும் தனித்தனியாகக் கேட்கும். முன்னால் நிற்பவர்களுக்குக் கேட்பது ஒரே இரைச்சல்.

பழைய_ஒலிநாடா:
வரிசையில்கடைசி என் பக்கம் ஒரு அடி வந்திருக்கிறார், குறித்துக்கொள்கிறேன்.

தூங்காநகரத்தின் பேச்சில் எனக்குப் பிடிக்காத இன்னொன்று உண்டு. 'மேடையில் புலி' என்று சொல்லிச் சொல்லியே இவர்களை ஒரு மூலையில் தள்ளிவிட்டார்கள். இவர்களின் இசைத்தட்டுகளை வெளியிட்ட கொலம்பியா நிறுவனத்தில் இருந்தவர்களுக்கு இவர்களை எந்த அடுக்கில் வைத்து விற்பது என்று தெரியவில்லை. ராக் வானொலிக்கு இவர்கள் கறுப்பர்கள், கறுப்பின வானொலிக்கு இவர்கள் ராக். ரெண்டு பக்கமும் கதவடைப்பு. இவர்களைப் பார்த்து வளர்ந்த நோ டவுட் மாதிரி குழுக்கள் 90-களின் நடுவில் ஸ்கா அலையில் ஏறிக் கோடிகளில் விற்றார்கள். அப்போது 'ஆனால் மேடையில் ஃபிஷ்போனை யாரும் மிஞ்ச முடியாது' என்று முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். இவர்களைப் பற்றி 2010-ல் வந்த ஆவணப்படத்தில் பார்க்கலாம், இத்தனை புகழுக்குப் பிறகும் ஏஞ்சலோ மூர் அம்மா வீட்டுக்கே திரும்பிப்போகிறார். தட்டிக்கொடுப்பு வாடகை கட்டாது.

தூங்காநகரம்:
இது நியாயம். ஆனால் ஒரு இடத்தில் தடுமாறுகிறீர்கள். வானொலி கைவிட்டதால்தான் அவர்கள் மேடையில் பிழைத்தார்கள். வண்டி ஏறி ஊர் ஊராகப் போகாமல் இருந்திருந்தால், உங்கள் 'ட்ரூத் அண்ட் சோல்' பழைய கடையில் தூசி படிந்து கிடக்கும், இந்தத் திரியும் இருக்காது. இன்னொன்று, 1991-ல் 'சாட்டர்டே நைட் லைவ்' நிகழ்ச்சியில் அவர்கள் வாசித்ததைப் பாருங்கள். அங்கே மாஷ் பிட்டும் (மேடைக்குக் கீழே முட்டி மோதி ஆடும் கூட்டம்) இல்லை, வியர்வைக் கிளப்பும் இல்லை. தொலைக்காட்சி விளக்கு வெளிச்சத்தில் ஒரே மேடையில் அத்தனை பேரும். அதைப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

பழைய_ஒலிநாடா:
பார்த்தேன். ரெண்டு தடவை.

மாட்டேன், கட்சி மாறமாட்டேன். ஆனால் 'எவ்ரிடே சன்ஷைன்' ஆல்பத்தில் கேட்கும்போது நம்பிக்கைப் பாட்டு மாதிரி இருக்கும். அங்கே அவர்கள் மேடையில் முட்டி மோதிப் பாடும்போது கெஞ்சுவது மாதிரி இருக்கிறது. இது எனக்குப் புதுசு. அதற்குமேல் இப்போதைக்குச் சொல்ல ஒன்றுமில்லை.

புதுவரவு_27:
அந்தக் கேள்வி கேட்டது நான்தான் சார். இன்னும் பதில் வரவில்லை. எதிலிருந்து ஆரம்பிக்க?

தூங்காநகரம்:
1991 தொலைக்காட்சி நிகழ்ச்சி.

பழைய_ஒலிநாடா:
'ட்ரூத் அண்ட் சோல்', முதல் பாட்டிலிருந்து, வரிசை மாற்றாமல்.

அரைஇடம்:
1985-ல் வந்த அவர்களுடைய முதல் ஈ.பி., அதாவது சில பாட்டுகள் மட்டும் உள்ள சின்ன இசைத்தட்டு. அதில் 'பார்ட்டி அட் கிரவுண்ட் ஸீரோ' என்று ஒன்று. அணுகுண்டு விழப்போகிறது, அதனால் ஆடுவோம் என்கிற பாட்டு. தொடையில் தட்டுப் போட்டுக்கொண்டே கேளுங்கள். கிட்டார் எங்கே விழுகிறது என்று பிடித்துவிட்டால் ஸ்கா பாதி வந்துவிட்டது. ஒரு எச்சரிக்கை: நேற்று கச்சேரியில் தனி ஆவர்த்தனத்துக்கு நடுவே இந்தப் பாட்டு மண்டையில் ஓட ஆரம்பித்துவிட்டது. கடம் வித்வான் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இருக்கிறதே!

கீழ்ஸ்தாயி:
எதிலிருந்து வேண்டுமானாலும் ஆரம்பி தம்பி, ஃபோன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதே. அதில் பாஸ் வராது.